வன்னியில் வைரஸ் நியுமோனியா: ஒரு சரித்திர ஆராய்ச்சி

இலங்கையின் வட பாகத்திலுள்ள வன்னியின் வியாதிச் சரித்திரத்தை ஆராயப் புகுவோர் முதற்கண் காண்பன மலேரியாவும் பறங்கிப் புண்ணுமே. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல், குளங்கள் தூர்ந்து குடிகள் அருகிய அந்நிலத்தில் பறங்கி விளைத்த நாசத்தைப் பேசுகிறது. ஆனால், மாரிகாலத்தில் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு முட்டி இறந்த குழந்தைகள் எத்தனை பேர் என்பதை அக்காலத்துப் பதிவேடுகளிலிருந்து பிரித்தெடுத்தல் அரிது; காய்ச்சல் என்ற ஒரே தலைப்பு பல வியாதிகளையும் விழுங்கிவிட்டது.

அந்த மௌனம் 1918இல் கலைந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், தலைமன்னாரிலிருந்து மதவாச்சிக்கு இருப்புப்பாதையும் 1914இல் ஏற்பட்டிருந்தன. தோட்டத் தொழிலாளரை ஏற்றிவந்த அதே மார்க்கம் நான்கே ஆண்டுகளில் இன்புளுவென்சாவுக்கும் வாயிலாயிற்று. சித்தார்த் சந்திராவும் தில்ஷானி சரத்சந்திராவும் 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, இலங்கையில் அத்தொற்று கொழும்புத் துறைமுகம், தலைமன்னார் இறங்குதுறை என்னும் இரு முனைகளிலிருந்து பரவியது. வட பாகத்திலும் தென் பாகத்திலும் அது வெவ்வேறு காலங்களில் உச்சம் எய்தியது. ஜனத்தொகையில் ஏறத்தாழ 3,07,000 பேர், அதாவது நூற்றுக்கு 6.7 வீதம், குறைந்தனர். தலைமன்னாருக்கு அண்டை நிலமாகிய வன்னி இவ்விரு முனைகளில் எதற்கு முதலில் இரையாகியிருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

அவ்வியாதியின் காரணம் அன்று வைத்தியருக்கே விளங்கவில்லை. பைபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கண்ட பாக்டீரியாவையே பலர் குற்றவாளியாகக் கருதினர். மனிதரைப் பற்றும் இன்புளுவென்சா வைரஸ் 1933இல்தான் லண்டனில் பிரித்தெடுக்கப்பட்டது. கைக்குழந்தைகளை இன்று உலகெங்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ், முதலில் சிம்பன்சிக் குரங்குகளிடமும் அடுத்துக் குழந்தைகளிடமும் கண்டறியப்பட்டது 1950களின் பிற்பாதியிலாகும். வைரஸ் புண்படுத்திய நுரையீரலில் பாக்டீரியாவும் புகுந்ததே 1918இன் மரணங்களுள் மிகப் பலவற்றுக்குக் காரணம் எனப் பிற்காலத்தார் நிறுவினர். ஆதலால், வைரஸ் மீது பென்சிலினுக்கு வலிமை இல்லை என்ற உண்மையைச் சொல்லும் அதே மூச்சில், அம்மருந்தை முற்றாகக் கைவிடலாகாது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எக்ஸ்ரே படத்தைக் கொண்டு இது வைரஸ், இது பாக்டீரியா என நிச்சயித்தல் இன்றும் கடினமே.

ஆயினும், எக்ஸ்ரேயும் ஆய்வுகூடமும் எட்டாத இடத்திலும் ஓர் உபாயம் உண்டு. குழந்தையின் சட்டையை உயர்த்தி, அது அழாதிருக்கும் வேளை பார்த்து, ஒரு முழு நிமிஷம் நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ணுதல்: இரண்டு மாதம் நிரம்பிய குழந்தை ஒரு வயதுக்குள் 50 தடவையோ அதற்கு மேலோ, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சுவிடின் நியுமோனியாவெனக் கொள்க, கீழ் நெஞ்சு குழிந்தால் தாமதியாது ஆஸ்பத்திரிக்கு அனுப்புக. பப்புவா நியூகினியில் நிகழ்ந்த அவதானங்களிலிருந்து உருவாகி, உலக சுகாதார ஸ்தாபனம் பரப்பிய இம்முறை, மருந்துக்கும் எரிபொருளுக்கும் தடை நிலவிய யுத்தகால வன்னி போன்ற நிலங்களுக்கென்றே அமைந்ததுபோல் எனக்குத் தோன்றுகிறது. 1996இல் கிளிநொச்சி வைத்தியசாலை அக்கராயனுக்கு இடம்பெயர்ந்தது; பிணியாளர் மட்டும் குறைந்தாரல்லர்.

2009 ஜூன் 11ஆம் தேதி எச்1என்1 இன்புளுவென்சா உலகப் பெருந்தொற்றென அறிவிக்கப்பட்டபோது, வன்னியின் ஜனங்களுள் பெரும்பாலோர் யுத்தத்தால் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில், தறப்பாள் கூடாரங்களில் நெருக்குண்டு கிடந்தனர். சுவாசத் தொற்றுக்கு இதனினும் ஏற்ற வாசஸ்தலம் அமைத்தல் அரிது. 2020இல் கொரோனா வந்தபோது வவுனியாவின் பம்பைமடு தனிமைப்படுத்தல் நிலையமாயிற்று. கிளிநொச்சியின் கிருஷ்ணபுரம் தொற்றாளருக்குரிய வைத்தியசாலையாயிற்று. வட மாகாணத்து மாதிரிகளை யாழ்ப்பாணத்திலேயே பரிசோதிக்கும் வசதியும் அவ்வாண்டில் ஏற்பட்டது. 1918இல் இளவயதினரை மிகுதியாகக் கொன்ற வியாதியின் இடத்தில், இம்முறை முதியோரையும் நீரிழிவாளரையும் தெரிந்தெடுத்த ஒன்று நின்றது.

பெருந்தொற்றுக் காலத்தில் கிட்டிய பரிசோதனை வசதி சாதாரண மாரிக்கும் உரியதாகவேண்டும். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆஸ்பத்திரிகளில் நியுமோனியாவென அனுமதிக்கப்படும் குழந்தைகளுக்கும் பெரியோருக்கும் எந்த வைரஸ் எந்த மாதத்தில் கண்டது என்பதை, மாவட்டம் பிரித்து, ஆண்டுதோறும் சுகாதாரத் திணைக்களத்தார் தமிழிலும் வெளியிடுவாராக.