மூடி போட்ட தொட்டி

கோயம்புத்தூரில் என் மகன் வீட்டு முன்னறையில் மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. இரண்டு கோமாளி மீன்கள், அவை புரண்டு விளையாட ஒரு கடல் சாமந்தி, கொஞ்சம் கல். போன வருஷம் தொட்டிக்கு விளக்கு மாற்றினான். மங்கிப்போன டி5 குழல்களைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பலகை ஒன்றைத் தொங்கவிட்டான். சுவிட்சைப் போட்டதும் அறை முழுக்க நீலம். நான் என்னையறியாமல் எழுந்து, தொட்டியை மூட ஏதாவது துணி கிடைக்குமா என்று தேடினேன்.

"அம்மா, இது ட்ரவுட் இல்லம்மா" என்றான்.

அவனுக்குத் தெரியும். அவன் தாத்தா அவலாஞ்சி மீன் பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். மீன் இருக்கும் தண்ணீர்மேல் வெளிச்சம் பட்டால் என் கை தானாக மூடியைத் தேடும். எட்டு வயதில் படிந்த பழக்கம்.

அவலாஞ்சி ஊட்டியிலிருந்து 28 கி.மீ. மலைக்குள் அடங்கிய பள்ளத்தாக்கு. 1823ல் இங்கே பெரிய மண்சரிவு நடந்ததாகவும், அதை வைத்தே வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் பேர் வைத்ததாகவும் சொல்வார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் மழையால் தெரியும். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியபோது எல்லாப் பத்திரிகைகளும் இந்தப் பேரைப் போட்டன. எனக்கு அவலாஞ்சி என்றால் பொரிப்பகத்தின் இருட்டுதான். அந்த இருட்டுக்கு நூறு வருஷத்துக்கும் மேலான கதை உண்டு.

நீலகிரியின் மேட்டுநிலத்து ஓடைகளில் தூண்டில்காரர் விரும்பும் பெரிய மீன் கிடையாது. சீமையிலிருந்து வந்தவர்களுக்கு அது பெரிய குறை. குளிரும் பனியும் புல்வெளியும் சொந்த ஊர் மாதிரி இருக்க, ஓடையில் மட்டும் ட்ரவுட் இல்லையே என்று ஏங்கினார்கள். 1863ல் ஃபிரான்சிஸ் டே அதைக் கொண்டுவர முயன்று தோற்றார். அவர் ராணுவ மருத்துவர். இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவரும் அவரே. சில வருஷம் கழித்து மறுபடி முயன்றார். அப்போதும் பலிக்கவில்லை.

பலிக்காததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. சூயஸ் கால்வாய் 1869ல்தான் திறந்தது. உயிருள்ள முட்டையை வெப்பக் கடல் தாண்டிக் கொண்டுவருவது அன்றைக்குக் கிட்டத்தட்ட முடியாத வேலை. டே தோற்ற மறுவருஷம், 1864ல், நார்ஃபோக் என்ற கப்பலில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட முட்டைகள் டாஸ்மேனியாவுக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தன. ஜேம்ஸ் யூல் என்பவர் பல வருஷம் பாடுபட்டுக் கண்ட வழி அது. முட்டையை ஈரப் பாசியில் பொதிந்து, பெட்டிக்குள் அடுக்கி, கப்பலின் பனிக்கட்டி அறையில் வைத்தார். குளிர் முட்டையின் வளர்ச்சியை மெதுவாக்கியது. பாசி ஈரத்தையும் காற்றையும் கொடுத்தது. மூன்றாவதை எல்லோரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்: பெட்டிக்குள் இருட்டு. மூன்று மாசக் கடல் பயணத்தை அந்த முட்டைகள் வெளிச்சமே படாமல் கடந்தன.

ஆற்றில் தாய் மீனும் அதைத்தான் செய்கிறது. வாலால் கூழாங்கல்லைப் பறித்துக் குழி தோண்டி, முட்டையிட்டு, மறுபடி கல்லால் மூடிவிடும். ட்ரவுட் முட்டை இருட்டுக்கென்றே பிறந்தது.

சென்னை மாகாண அரசு 1907ல் மீன்துறைக்கென்று ஓர் அலுவலகம் தொடங்கி, சர் ஃபிரடெரிக் நிக்கல்சனைப் பொறுப்பில் வைத்தது. அதே காலத்தில்தான் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் கட்டினார். அவர் தேர்ந்த மீன் பழுப்பு ட்ரவுட் இல்லை, வானவில் ட்ரவுட். அமெரிக்காவின் பசிபிக் கரை மீன் அது. வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகவே பொறுத்துக்கொள்ளும். வில்சனின் வெற்றியில் பாதி இந்தத் தேர்வு என்பது என் எண்ணம். இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து என்று மூன்று திசையிலிருந்தும் முட்டைகள் வந்தன. நீலகிரியின் தண்ணீர் அவற்றை ஏற்றுக்கொண்டது.

இலங்கையில் ட்ரவுட் வளர்த்த மலையூர் நுவரெலியா. எங்கள் குடும்பமும் அந்த மலையிலிருந்துதான் வந்தது. 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி, 1971ல், தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு நீலகிரி வந்து சேர்ந்தோம். அப்போது எனக்கு ஆறு வயது. அப்பாவுக்குப் பொரிப்பகத்தில் சினைக் காலத்துக்கு மட்டும் நாள்கூலி கிடைத்தது. "நம்மூர் மீனுக்கே வேலை செய்ய வந்திருக்கேன்" என்று அம்மாவிடம் சொல்வார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வேலை ஐப்பசியில் தொடங்கி மாசி வரை ஓடும். முற்றிய பெண் மீனைத் துணியால் பிடித்து வயிற்றை மெல்ல நீவினால், மங்கிய ஆரஞ்சு நிறத்தில், பட்டாணியை விடச் சிறிய முட்டைகள் சட்டியில் விழும். அதன்மேல் ஆண் மீனின் பால். தண்ணீர் கலக்காமல் கோழி இறகால் கிளறிவிட்டு, பிறகு கழுவி, தட்டுகளில் பரப்பித் தொட்டிக்குள் இறக்குவார்கள். ஓடைத் தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே போகும். தொட்டிமேல் பலகை மூடி. தண்ணீர் 10 டிகிரி இருந்தால் குஞ்சு வெளிவர ஒரு மாசம் ஆகும்.

முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளியாகக் கண் தெரியும் வரை தட்டை அசைக்கவே கூடாது. செத்த முட்டை வெளுத்துவிடும். அதை எடுக்காவிட்டால் பஞ்சு மாதிரி பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைகளையும் தின்றுவிடும். அதனால் அப்பா ஒவ்வொரு மூடியாக ஒரு சாண் அளவு தள்ளி, அரிக்கேன் விளக்கைத் தொட்டிக்குக் கீழே, தரையில் வைத்துக்கொண்டு, அந்த மங்கலிலேயே வெள்ளை முட்டைகளைப் பொறுக்குவார். விரல்கள் பனியில் நீலம் பாய்ந்திருக்கும். சோறு கொண்டுபோன நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால், "கதவைச் சாத்து, வெளிச்சம் படுது" என்பார். அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

ஏன் படக்கூடாது என்று நான் கேட்டதுண்டு. "கண்ணு தொறக்காத பிள்ளைம்மா" என்றார். அப்பா சொன்னதற்கு விஞ்ஞானத்தில் வேறு பதில் இருந்தது. பெரிய பிறகு படித்தேன். 1962ல் பெர்ல்முட்டர், வைட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், டியூப்லைட் வெளிச்சம் புரூக் ட்ரவுட் முட்டைகளைக் கொல்கிறது என்று எழுதினார்கள். கேடு செய்வது முக்கியமாக ஊதாவும் நீலமும். என் மகன் காசு கொடுத்து வாங்கிய அதே நீலம்.

அந்த 1962 வாக்கில்தான் எங்கள் பள்ளத்தாக்கே வெளிச்சத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பைக்காரா மின்நிலையம் 1930களிலேயே வந்துவிட்டது. குந்தா திட்டம் கனடா உதவியுடன் எழுந்து, 1960ல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. அவலாஞ்சி ஓடையும் எமரால்டு ஓடையும் அணைக்குள் அடங்கின. இரண்டு நீர்த்தேக்கத்துத் தண்ணீரும் ஒன்றோடொன்று சேர்ந்து, சுரங்கம் வழியாக இறங்கிக் குந்தா முதல் மின்நிலையத்தில் சக்கரத்தைச் சுற்றுகிறது. அங்கிருந்து வழியும் தண்ணீர் இன்னும் கீழே கெத்தையில் இன்னொரு முறை வேலை செய்கிறது. மேல்பவானித் தண்ணீரும் அவலாஞ்சியிலேயே ஒரு மின்நிலையத்தைச் சுற்றிவிட்டுத்தான் தேக்கத்தில் விழுகிறது. முட்டையை இருட்டில் நனைத்த ஓடை கோவையின் பஞ்சாலைகளுக்கு விளக்கேற்றப் போனது.

இப்போது மகனின் தொட்டிக்கு வருகிறேன். கடல் சாமந்திக்கு ஏன் இவ்வளவு வெளிச்சம் என்று கேட்டேன். அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது, பவளத்துக்கும் அப்படியே என்றான். பாசி வெளிச்சத்தில் சர்க்கரை சமைத்து, தங்க இடம் கொடுத்த உயிருக்கு ஊட்டுகிறது. கடலுக்குள் இறங்க இறங்க முதலில் சிவப்பு மறையும், நீலம்தான் ஆழம் வரை போகும். அதனால் அந்தப் பாசி நீலத்தில் நன்றாகச் சமைக்கும்.

வீட்டில் பவளத் தொட்டி வைப்பதும் ஒரு மூடியைத் திறந்த கதைதான். 1961ல் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், உயிருள்ள கல்லையும் காற்றுக் குமிழியையும் சன்னல் வெயிலையும் மட்டும் வைத்துப் பவளத்தை வாழவைத்ததாக எழுதினார். வெயில் போதாத ஜெர்மனிக்காரர்கள் பிறகு மெட்டல் ஹாலைடு விளக்கைக் கொண்டுவந்தார்கள். வெளிச்சம் நடுப்பகல் போல இருக்கும், ஆனால் தண்ணீர் கொதித்துப்போகும். அடுத்து வந்தவை மெலிந்த டி5 குழல்கள். கண்ணுக்கு மங்கியது தெரியாது, ஆனால் வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். மகன் அப்படி இரண்டு வருஷம் மாற்றாமல் விட்டுத்தான் சாமந்தி வெளிறிச் சுருங்கியது. 1993ல் ஜப்பானின் நகமுரா பளிச்சென்ற நீல எல்.இ.டி.யைச் செய்த பிறகே இந்தப் பலகைகளுக்கு வழி பிறந்தது. அதற்காக அவருக்கும் அகசாகி, அமானோவுக்கும் 2014ல் நோபல் பரிசு கிடைத்தது.

கல் பவளமும் விசிறிப் பவளமும் இவன் தொட்டியில் இல்லை. 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சுண்ணாம்புக்காக மன்னார் வளைகுடாவில் வெட்டி எடுத்த பவளத்தை நினைத்தால், அந்தச் சட்டம் இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். கோமாளி மீன்கள் கடலில் பிடித்தவை அல்ல, பண்ணையில் பொரித்தவை. அந்த வித்தையை நம் நாட்டில் வளர்த்த இடங்களில் ஒன்று மண்டபத்துக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம். நாங்கள் கப்பலிறங்கித் தங்கிய அதே மண்டபம்.

விளக்கு மாற்றிய முதல் வாரத்தில் மகன் அதை முழுசாக எரியவிடவில்லை. முப்பது சதவீதத்தில் வைத்து, வாரம் ஐந்து ஐந்தாக ஏற்றினான். ஒரேயடியாக ஏற்றினால் சாமந்தி பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துவிடுமாம். எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. குஞ்சு பொரிந்து, வயிற்றுப் பையிலுள்ள மஞ்சள் கருவைத் தின்று தீர்க்கும் வரை வெளிச்சத்துக்குப் பயந்து தொட்டியின் அடியில் ஒடுங்கிக் கிடக்கும். பை வற்றியதும் ஒன்றிரண்டாக மேலே நீந்தி வரும். அன்றுதான் மூடியை எடுப்பார். முதல் நாள் ஒரு சாண், மறுநாள் பாதி, பிறகு முழுசும். வேகவைத்து அரைத்த ஈரலை விரலால் கரைத்துத் தூவுவார். என்னைத் தூக்கிப் பிடித்து எட்டிப் பார்க்கச் சொல்வார்.

தை மாசம் கோமாளிகள் சாமந்தி ஓரக் கல்லில் முட்டையிட்டன. ஆரஞ்சு நிறம், ட்ரவுட் முட்டையை விட மிகப் பொடிசு. ஆண் மீன் காவல் காத்து விசிறிக்கொண்டே இருந்தது. ஆறு நாளில் ஒவ்வொரு முட்டையிலும் வெள்ளிக் கண்கள் தெரிந்தன. எட்டாம் நாள் சாயங்காலம் மகன் போன் செய்தான்.

"இன்னிக்கு ராத்திரி பொரியும்மா. ஆனா கும்மிருட்டு வேணும். தெருவிளக்கு சன்னல் வழியா வருது, என்ன செய்ய?"

கடைசி பஸ்ஸில் இறங்கிப் போனேன். விளக்கை அணைத்தான். ஊட்டியிலிருந்து எடுத்துப்போன அப்பாவின் கம்பளியை நான் தொட்டிமேல் போர்த்தி, நாலு மூலையையும் இழுத்துவிட்டேன். பேரன் எட்டிப் பார்க்கக் கதவைத் திறந்தான்.

"சாத்துடா, வெளிச்சம் படுது" என்றேன்.