டயர் அழுத்தக் கண்காணிப்பு அமைப்பு

டயர் அழுத்தக் கண்காணிப்பு அமைப்பு என்பது, ஊர்தியின் டயர்களில் காற்றழுத்தம் குறையும்போது ஓட்டுநரை எச்சரிக்கும் மின்னணு அமைப்பு ஆகும். 1986 இல் வெளிவந்த போர்ஷே 959 இவ்வமைப்பைக் கொண்ட முதல் பயணிகள் மகிழுந்தாகக் கருதப்படுகிறது. பனி பொழியும் நாடுகளில் குளிர்காலத்துக்கெனத் தனிச் சக்கரங்களை வாங்குவோர், அவற்றிலும் இவ்வமைப்பு இயங்குமாறு பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

வரலாறு

ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் ஊர்திகளில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை பிரிந்து நேர்ந்த விபத்துக்களில் 200 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதனைத் தொடர்ந்து ஐக்கிய அமெரிக்கா 2000 நவம்பரில் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 2008 ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் எல்லாப் புதிய மகிழுந்துகளிலும் இவ்வமைப்பு கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் விற்கப்படும் எல்லாப் புதிய மகிழுந்துகளுக்கும் இது கட்டாயம் ஆகும்.

வகைகள்

* நேரடி முறை: ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும் ஓர் உணரி அழுத்தத்தை அளந்து வானொலி அலை மூலம் அனுப்புகிறது. வட அமெரிக்காவில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை பயன்படுகிறது. மின்கலம் தீர்ந்தால் பொதுவாக உணரியையே மாற்றவேண்டும்.
* மறைமுக முறை: அழுத்தம் குறைந்த சக்கரம் சற்று வேகமாகச் சுழலும். ஏபிஎஸ் தடுப்பு அமைப்பின் உணரிகள் இதனைக் கண்டறிகின்றன. சக்கரத்துக்குள் உணரி தேவையில்லை.

குளிரும் அழுத்தமும்

கனவளவு மாறாதபோது வளிமத்தின் அழுத்தம் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதமாகும். 20 °செ. வெப்பநிலையில் 35 பி.எஸ்.ஐ. நிரப்பிய டயர், −20 °செ. குளிரில் காற்றுக் கசிவின்றியே ஏறத்தாழ 28 பி.எஸ்.ஐ. ஆகிவிடும். இது 20 விழுக்காட்டுக் குறைவு. அமெரிக்க விதியோ 25 விழுக்காடு குறைந்தால்தான் எச்சரிக்கை விளக்கைக் கட்டாயமாக்குகிறது. எனவே விளக்கு எரியவில்லை என்பதால் அழுத்தம் சரியாக உள்ளது எனக் கொள்ளமுடியாது. மாதம் ஒருமுறையேனும், ஊர்தி ஓடாமல் ஆறியிருக்கும்போது, அழுத்தமானியால் அளப்பது நன்று.

குளிர்காலச் சக்கரத் தேர்வு

ஈழத்தமிழர் பலர் வாழும் மொன்றியால் நகரை உள்ளடக்கிய கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் குளிர்கால டயர் கட்டாயம். 2019 முதல் இக்காலம் திசம்பர் 1 இல் தொடங்கி மார்ச்சு 15 வரை நீள்கிறது. மலைமுகடும் பனித்துகளும் கொண்ட குறியீடு டயரில் இருத்தல் வேண்டும். எடை மிகுந்த சொகுசு எஸ்.யூ.வி. ஊர்திகளுக்குப் பின்வருவனவும் கவனிக்கத்தக்கவை:

* ஆணி வட்டம்: பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 ஊர்தியில் 2018 இல் வந்த தலைமுறைக்கு இது 112 மி.மீ.; அதற்கு முந்தையதற்கு 120 மி.மீ. பெயர் ஒன்றாயினும் சக்கரம் பொருந்தாது.
* விட்டம்: சிறிய சக்கரத்தில் டயரின் பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் குழிகளைத் தாங்கும். ஆயினும் அது தடுப்புக் கருவியில் உரசாதிருக்க வேண்டும்.
* சுமைச் சுட்டெண்: 110 எனில் ஒரு டயர் 1060 கி.கி. தாங்கும். ஊர்தித் தயாரிப்பாளர் குறித்த எண்ணிலும் குறையலாகாது.
* உணரி: அலைவரிசையும் தகவல்முறையும் ஊர்திக்குப் பொருந்த வேண்டும். சில ஊர்திகள் புதிய உணரிகளைத் தாமே அறிந்துகொள்ளும்; சிலவற்றுக்குக் கருவி மூலம் பதியவேண்டும். மறைமுக முறையில் சக்கரம் மாற்றியபின் அமைப்பை மீளமைத்தல் போதும்.

தமிழ்நாட்டில்

குளிர்கால டயர்கள் ஏறத்தாழ 7 °செ. இற்குக் கீழான வெப்பநிலைக்கு உரியவை. திருவண்ணாமலை, அதன் கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலை போன்ற சமவெளி ஊர்களில் அவை தேவையில்லை. சூடான சாலையில் அவற்றின் மென்மையான இரப்பர் விரைவில் தேயும். ஆனால் அழுத்தம் குறைந்த டயர் மிகுதியாக வளைந்து சூடேறுவதால், கோடையில் வெடிக்கும் ஆபத்து உண்டு. இந்தியாவில் 2020 இல் திருத்தப்பட்ட விதிப்படி, குழாயற்ற டயர்கள், பழுதுநீக்கும் கருவித்தொகுதி, இக்கண்காணிப்பு அமைப்பு ஆகியவை உள்ள மகிழுந்துகளில் மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை.