மார்க்கெட் தெருவும் குளக்கரைத் தண்டாயுதபாணியும்

கடல் கடந்து சென்ற தமிழ் மக்கள் தாம் தங்கிய இடங்களிலெல்லாம் கோயில் எடுத்தனர் என்பது குடமுழுக்கு மலர்களில் பலரும் எழுதும் செய்தி. எழுதத் தக்கதும் ஆகும். ஆயின் அக்கோயில்களைத் தாங்கி நின்ற தெருக்கள் எத்தகையன, அவற்றில் வாழ்ந்தோர் எங்கு உண்டனர், எவ்வாறு உறங்கினர், எதற்கு அஞ்சினர் என்பனவற்றை எழுதுவார் அரியர். கோயில் நிலைத்து நிற்கத் தெரு மறைந்துபோன இடங்களில் இக்குறை இன்னும் மிகுதி. சிங்கப்பூரில் அவ்வாறு மறைந்த தெரு ஒன்றை அடுத்து அடியேன் 1950-இல் பிறந்து, பதினான்கு வயது வரை அங்கே வளர்ந்தேன். திருப்பணிக் குழுவினர் இம்மலருக்குக் கட்டுரை வேண்டியபோது சித்தாந்தப் பொருளில் ஒன்று எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். இத்திருப்பணிக்குப் பொருளுதவி செய்த அன்பர் சிலருடைய பாட்டனார் அத்தெருவில் வாழ்ந்தவர் என அறிந்த பின்னர், அதனைப் பற்றி எழுதுதலே தகும் எனத் துணிந்தேன்.

அத்தெருவின் பெயர் மார்க்கெட் தெரு. சிங்கப்பூர் ஆற்றிற்குத் தெற்கே, ராபிள்ஸ் பிளேஸ் என்னும் வணிக நடுவிடத்தை அடுத்து அமைந்தது. தமிழர் அதனைச் செட்டித் தெரு என்றே வழங்குவர். ஆங்கிலேயர் 1819-இல் அத்தீவில் வணிகத் துறை அமைத்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே வந்து கொடுக்கல் வாங்கல் தொடங்கினர். அவர்கள் இருந்து தொழில் செய்த நீண்ட கட்டடங்களுக்குக் கிட்டங்கி என்று பெயர். பண்டசாலையைக் குறிக்கும் சொல் அது. அங்கே அடுக்கி வைக்கப்பட்டவையோ பண்டங்கள் அல்ல, மனிதர்களும் கணக்கேடுகளுமே.

கிட்டங்கியைக் காணாதவர்க்காகச் சிறிது விரித்துரைக்க வேண்டும். முன்புறம் குறுகி உள்ளே நீண்டு செல்லும் கூடம். இருமருங்கும் சுவரை ஒட்டி வரிசையாகச் சிறு சிறு மேசைப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு விலாசம். அஃதாவது ஒரு வணிக நிறுவனம். பெட்டியின் பின்னே ஒரு பாய், ஓர் அலமாரி, இரும்புப் பெட்டி. மேலாள் பாயில் அமர்ந்திருப்பார். அடுத்தாள் அருகிலிருந்து கணக்கெழுதுவார். பெட்டியடிப் பையன் எடுபிடி வேலை செய்துகொண்டே தொழில் கற்பான். சீனக் கடைக்காரரும் இரப்பர்த் தோட்டத்தாரும் அலுவலக எழுத்தரும் அப்பாயின் ஓரத்தில் வந்தமர்ந்து கடன் பேசுவர். இரவானதும் அதே இடத்தில் பாயை விரித்து அவரவர் உறங்குவர். பகலில் நிறுவனம், இரவில் படுக்கை. தமக்கென ஓர் அறை உடையவர் அங்கே ஒருவரும் இலர். ஊரில் ஆயிரம் சன்னல் வைத்த மாளிகை கட்டியவரும் ஈண்டு ஆறடிப் பாயில்தான் படுத்தார்.

அவர்கள் குடியேற வந்தவர் அல்லர். "கொண்டுவிற்கப் போதல்" என்பது நகரத்தார் வழக்கு. மூன்றாண்டு ஒரு கணக்கு. கணக்கு முடித்து ஊர் திரும்பிச் சிலகாலம் தங்கி, மீண்டும் புறப்படுவர். மனைவி மக்கள் செட்டிநாட்டிலேயே இருந்தனர். ஆகவே செட்டித் தெரு பெண்டிர் இல்லாத தெரு, மழலை கேளாத தெரு. அங்கே யான் ஒரு குழந்தையாக வளர்ந்தது எங்ஙனம் எனின், நாங்கள் நகரத்தார் அல்லேம். என் தந்தையார் கிட்டங்கி ஒன்றில் சமையல் பார்த்தவர். போருக்கு முன்பே வந்தவர். போர் முடிந்தபின் ஊர் சென்று என் அன்னையாரை அழைத்து வந்தார். பின்சந்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்களுக்கு ஓர் அறை. பலகைத் தடுப்பிற்கு அப்பால் ஒரு சீனக் குடும்பம். கீழே தமிழ் முஸ்லிம் ஒருவரின் நாணய மாற்றுக் கடை. ஆற்றில் நீர் வற்றும் வேளையில் எழும் சேற்று நாற்றமும், தொங்கான் எனப்படும் சரக்குப் படகுகளில் வந்திறங்கும் பண்டங்களின் மணமும் கலந்ததே எனக்கு அவ்வூரின் காற்று.

என் அன்னையார் கிட்டங்கிக்குள் ஒருநாளும் காலடி வைத்தவர் அல்லர். பெண்டிர் உள்ளே வருதல் வழக்கமில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் கணவர் அடுப்பெரித்த இடம் எத்தகையது என்பதை என் வாயிலாகக் கேட்டே அவர் அறிந்தார். "புகை போக வழி இருக்கிறதா?" என்று பலமுறை வினவுவார். தந்தையாரிடம் கேட்டால் சரியான மறுமொழி கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும்.

இனி, கோயிலுக்கு வருவோம். தெருவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், இன்று போர்ட் கேனிங் எனப்படும் குன்றின் அடியில் முன்பு ஒரு குளம் இருந்தது. அதன் அருகில் நின்ற அரசமரத்தடியில் வேல் ஒன்றை நாட்டி நகரத்தார் வழிபட்டனர். குளத்தால் அச்சாலை டேங்க் ரோடு எனப் பெயர் பெற்றது. பின்னர் ஆக்ஸ்லி என்னும் மருத்துவருக்கு உரியதாயிருந்த நிலத்தில் இடம் வாங்கிக் கோயில் எடுத்து, 1859-இல் தண்டாயுதபாணியை எழுந்தருளச் செய்தனர். குளம் மறைந்தது, அரசமரமும் மறைந்தது. அருகே 1903 முதல் இயங்கிய புகைவண்டி நிலையமும் 1932-இல் வேறிடம் பெயர்ந்தது. பெருமான் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தருளினான்.

கோயிலைத் தாங்கியது மகமை. வணிகத்தில் ஒரு சிறு கூறு, பெரியதாயினும் சிறியதாயினும், கடவுளின் கணக்கில் வரவு வைக்கப்படும். ஒருவர் மனமுவந்து எப்போதோ கொடுக்கும் நன்கொடையன்று அது. கணக்கு முறையிலேயே அமைந்த கடமை. நகரத்தார் தொழில் செய்த கடல்கடந்த ஊர்களில் நடப்பு வட்டியை அறுதியிடக் கோயிலிலேயே கூடினர் என்பதும் நோக்கத் தக்கது. கோயில் அவர்களுக்கு வழிபாட்டிடம் மட்டுமன்று. வழக்காடு மன்றமும் வணிக அவையும் ஆகும். சொல் தவறியவன் முருகன் முன் நிற்க வேண்டும் என்னும் அச்சம் முத்திரைத் தாளினும் வலிதாயிருந்தது.

வட்டித் தொழிலைப் பழிப்பார் உளர். அப்பழிப்பில் உண்மை இல்லை என்று யான் கூறேன். பர்மாவில் 1930-ஐ ஒட்டி நெல் விலை வீழ்ந்தபோது கடன் திரும்பாமையால் உழவர் நிலம் நகரத்தார் கைக்கு வந்தது. அதுவரை நூற்றுக்கு ஆறு என்றிருந்த பங்கு அப்பத்தாண்டின் இறுதிக்குள் கீழ்ப் பர்மாவின் நெல் மாவட்டங்களில் நான்கில் ஒன்றாயிற்று. நிலம் இழந்தவன் மனம் கசந்ததும் இயல்பே. 1942-க்குப் பின் அந்நிலமெல்லாம் பறிபோனதும் வரலாறே. எனினும் அதனைக் கொண்டு மார்க்கெட் தெருவில் பாயில் அமர்ந்து சிறு கடைக்காரனுக்கு ஈடின்றிக் கடன் கொடுத்தவரையும் அளத்தல் முறையன்று. வங்கி வாயிலில் நுழைய முடியாத சீன வணிகர் பலர்க்கு அப்பாயே வங்கியாயிருந்தது.

தெருவின் தளர்ச்சி கட்டடம் இடிந்தபோது தொடங்கியதன்று. 1953 ஆகஸ்ட் முதல் நாள் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டமே அதன் வேரை அறுத்தது. புதியவர் வருவது அரிதாயிற்று. மூன்றாண்டுக்கொரு முறை ஆள் மாறுதலையே அச்சாகக் கொண்டு சுழன்ற தொழில் அது. ஊருக்குப் போனால் மீண்டும் வர இயலுமோ என்னும் ஐயம் ஒவ்வொருவர் மனத்திலும் புகுந்தது. மூன்றாண்டு ஐந்தாயிற்று, ஐந்து எட்டாயிற்று. எழுத்தறியாத சமையற்கட்டு ஆட்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது எட்டு, ஒன்பது வயதில் என் பணி. "இந்த வருஷம் வர முடியாது" என்னும் தொடரை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. மேலாள் ஒருவர் தம் மகளின் திருமணத்தைப் புகைப்படத்திலேயே கண்டார். அப்படத்தை மேசைப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டி வைத்திருந்தார். பெட்டி திறக்கும்போதெல்லாம் அது தெரியும்.

1957-இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது சமையற்கட்டில் நாள்தோறும் இதுவே பேச்சு. பதிவு செய்துகொண்டால் ஈண்டு இருக்கலாம்; ஆயின் ஊர் என்ன ஆவது? பதிவு செய்யாவிடின் ஊர் நிற்கும். பிழைப்பு என்ன ஆவது? தந்தையார் ஒன்றும் பேசாமல் காய் நறுக்கிக் கொண்டிருப்பார். ஆண்டுகள் கழித்து அவர் கண்ட முடிவு, என்னை ஊருக்கு அனுப்பித் தாம் அங்கே தங்குவது என்பது. கணக்கப்பிள்ளை ஒருவர் மாலை வேளைகளில் கூடத்தின் மூலையில் எனக்குத் தேவாரம் சொல்லிக் கொடுத்து வந்தார். பையனுக்குக் குரலும் நினைவும் இருக்கின்றன, மடத்தில் சேர்க்கலாம் என்றவரும் அவரே. அவ்வாறே 1964-இல் கப்பலேறிச் சோழநாட்டுத் திருமடம் ஒன்றில் சேர்க்கப் பெற்றேன். அன்னையாரும் உடன் வந்தார். தந்தையார் துறைமுகத்தில் நின்றார்.

அத்தெருவின் திருநாள் ஒன்றையேனும் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. தைப்பூசத்திற்கு முந்தைய நாளைச் சிங்கப்பூரில் செட்டிப் பூசம் என்பர். அன்று முருகப் பெருமான் வெள்ளி இரதத்தில் டேங்க் ரோடு கோயிலினின்றும் புறப்பட்டு, கியோங் சைக் சாலையில் உள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குத் தமையனாரைக் காண எழுந்தருளுவான். சிப்பாய்கள் தங்கிய வரிசை வீடுகளால் "லயன்" என்னும் பெயர் அவ்விநாயகர்க்கு வந்தது; அக்கோயிலும் நகரத்தார் பொறுப்பில் 1925-இல் குடமுழுக்குக் கண்டது. மாலையில் திரும்பும் தேர் எங்கள் காலத்தில் செட்டித் தெருவில் நிற்கும். கிட்டங்கி தோறும் வாழைமரம், தோரணம், பூரண கும்பம். ஆண்டு முழுதும் கணக்கில் மூழ்கியிருந்த மேலாட்கள் வாயிலில் கைகூப்பி நிற்பர். அன்றைக்கு மட்டும் அஞ்சடியில், அஃதாவது கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில், பெண்டிரும் நிற்பர். என் அன்னையார் எதிர்ப்புற அஞ்சடியில் நின்று தேரையும் கிட்டங்கியின் திறந்த கதவையும் ஒருங்கே பார்ப்பார். தேரைப் பார்த்த நேரத்தினும் கதவைப் பார்த்த நேரம் மிகுதி என்பது என் எண்ணம்.

அத்தேர் வரும் வேளைக்காகத் தந்தையார் விடியற்காலை முதல் உணவு சமைப்பார். அரிசி மூட்டை வாங்கும்தோறும் சமையற்கட்டு ஆட்கள் தம் கூலியிலிருந்து சில காசுகள் மகமைக்கு எடுத்து வைப்பதும் உண்டு. மேலாள் அதனை வேண்டா என்பார், அவர்கள் கேட்பதில்லை. அது எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. பொறிக்கப்பட வேண்டும் என்று அவர்கள் நினைத்ததும் இல்லை.

சிங்கப்பூர் 1965-இல் தனிநாடாயிற்று. 1968 முதல் தைப்பூசம் அங்கே பொது விடுமுறையன்று. 1970-களில் நகரச் சீரமைப்பு மார்க்கெட் தெருவை எட்டியது. கிட்டங்கிகள் ஒவ்வொன்றாக இடிந்தன. தொழிலும் அதற்குள் சுருங்கி விட்டிருந்தது. நகரத்தார் பிள்ளைகள் வழக்கறிஞராகவும் மருத்துவராகவும் ஆகத் தொடங்கினர். அடுப்பை அணைத்த பின் தந்தையார் ஒரு தகரப் பெட்டியுடன் ஊர் வந்து சேர்ந்தார். அவ்வளவு பெரிய கூடத்தில் வாழ்ந்தவர்க்கு எங்கள் சிறு வீடும் பெரிதாகவே பட்டது. படுக்கும்போது சுவரை ஒட்டியே பாய் விரிப்பார்.

டேங்க் ரோடு கோயிலும் இடிக்கப்பட்டது, ஆயின் எழுப்புவதற்காக. 1981-இல் தொடங்கிய திருப்பணி 1983 நவம்பரில் குடமுழுக்குக் கண்டது. எழுபத்தைந்து அடி உயரமான இராச கோபுரம். ஞாயிறு எழும்போதும் படும்போதும் ஒளி பெறுமாறு கூரையில் சாய்த்துப் பதித்த, கடவுளர் உருவம் செதுக்கிய நாற்பத்தெட்டுக் கண்ணாடிப் பலகைகள். திருமுறை ஓதும் குழுவில் ஒருவனாக அடியேனும் சென்றிருந்தேன். ஓதி முடித்த பிற்பகலில் மார்க்கெட் தெருவுக்கு நடந்தேன். பெயர்ப் பலகை இருந்தது. எங்கள் பகுதியில், 1984-இல் திறக்கப்படவிருந்த கோல்டன் ஷூ என்னும் பல அடுக்கு வண்டி நிறுத்தம் எழும்பிக் கொண்டிருந்தது. ஆற்றைத் தூய்மை செய்யும் பணியில் தொங்கான்களும் அவ்வாண்டே பாசிர் பாஞ்சாங்கிற்கு அகற்றப்பட்டிருந்தமையால் நாற்றமும் இல்லை. சில நாழிகை நின்று திரும்பினேன். பின்னாளில் அவ்வண்டி நிறுத்தமும் இடிக்கப்பட்டு, அங்கே 2021-இல் 280 மீட்டர் உயரமான கட்டடம் ஒன்று முடிந்தது. கோயிலோ 2014-இல் அந்நாட்டின் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, 2022-இல் மீண்டும் குடமுழுக்குக் கண்டது.

1983-இல் ஊர் திரும்பியதும் தந்தையார் என்னிடம் கோபுரத்தைப் பற்றிக் கேட்டார். பெருமானுக்கு அன்று செய்த அலங்காரத்தைக் கேட்டார். தெருவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. யானும் சொல்லவில்லை. அடுத்த தைப்பூசத்திற்கு முந்தைய நாள், வழக்கம்போல் விடியற்காலையில் எழுந்து பெரிய பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். மாலை விளக்கேற்றும் நேரத்தில் திண்ணையில் அமர்ந்து, சிங்கப்பூர் நேரத்தை மனத்தால் கணக்கிட்டு, "தேர் இந்நேரம் நம் தெருவுக்கு வந்திருக்கும்" என்றார். என் அன்னையார் அடுப்படியிலிருந்து, "கதவைத் திறந்து வைத்திருப்பார்கள்" என்றார்.