ஆன் மெக்லாரன்: சூழலின் பங்கை அளந்த மரபியலர்

ஆன் மெக்லாரனைப் (1927–2007) பற்றிய நினைவுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. 1958இல் அவர் சுண்டெலிக் கருவை உடலுக்கு வெளியே வளர்த்துக் காட்டினார். 1978இல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்தாள். ஆகவே மெக்லாரன் அந்த உத்தியின் முன்னோடி. தகவல்களில் பிழையில்லை. ஆயினும் இப்படி வாசித்தால் அவருடைய ஐம்பதாண்டு உழைப்பு பிறர் ஏறிப்போன படிக்கட்டாகச் சுருங்கிவிடுகிறது. மரபணு சொல்வதில் எவ்வளவு பகுதியை அதன் சுற்றுப்புறம் முடிவு செய்கிறது என்ற ஒரே கேள்வியையே அவர் கடைசிவரை துரத்தினார் என்பதும், புகழ்பெற்ற உத்திகள் அந்தத் துரத்தலின் துணைவிளைவுகள் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கேள்வி பிறந்த இடம் முதுகெலும்பு. சி3எச் என்னும் சுண்டெலி வகையில் இடுப்பு முள்ளெலும்புகள் பெரும்பாலும் ஐந்து. சி57பிஎல் வகையில் ஆறு. இரண்டையும் கலந்தால் பிறக்கும் குட்டிகளின் எலும்பு எண்ணிக்கை, எந்த வகை தாயாக இருந்ததோ அந்தப் பக்கம் சாய்ந்தது. கலப்பு எந்தத் திசையில் நடந்தாலும் பெண்குட்டிகளின் குரோமோசோம் தொகுதி ஒன்றுதான். அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வந்தது? தாயின் சினைமுட்டைச் சைட்டோபிளாசமா, கருப்பையா? இயல்பான கர்ப்பத்தில் இரண்டும் ஒரே தாயிடமிருந்தே வருவதால் கூர்ந்து பார்ப்பதால் மட்டும் இதற்கு விடை கிடைக்காது. கருவை ஒரு தாயிடமிருந்து எடுத்து இன்னொரு தாயின் கருப்பையில் வைத்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். மெக்லாரனும் அவருடைய கணவர் டொனால்ட் மிக்கியும் அதைச் செய்தார்கள். எலும்பு எண்ணிக்கை, கருவைச் சுமந்த தாயைப் பின்பற்றியது. 1958இல் வெளியான அந்த முடிவு, தாய்வழித் தாக்கம் கருப்பை வழியாக வருகிறது என்பதற்கான சோதனைச் சான்று.

இங்கே ஒரு எதிர்வாதம் எழக்கூடும். மெக்லாரன் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தவர். சூழல் மரபையே மாற்றும் என்ற லைசென்கோவின் கொள்கைக்குச் சோவியத் நாட்டில் செல்வாக்கு இன்னும் அடங்காத காலம் அது. சூழலுக்கு முக்கியத்துவம் தேடிய ஆய்வில் அரசியல் சாய்வு இல்லையா? கேள்வியைத் தேர்ந்தெடுத்ததில் இருந்திருக்கலாம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சோதனையின் அமைப்பு அந்தச் சாய்வுக்கு இடம் தரவில்லை. சூழல் மரபணுவை மாற்றுகிறது என்று அது சொல்லவே இல்லை. மாறாத மரபணுத் தொகுதி வெவ்வேறு கருப்பைகளில் வெவ்வேறு உடலமைப்பைத் தருகிறது என்றது. லைசென்கோவியத்துக்கு இதனால் ஒரு துளி ஆதாயமும் இல்லை.

ஜான் பிக்கர்ஸுடன் லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் செய்த புகழ்பெற்ற சோதனையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். எட்டுச் செல் நிலையிலுள்ள சுண்டெலிக் கருவைக் கண்ணாடிக் கலத்தில் கருக்கோள நிலைவரை வளர்க்கலாம் என்பதை வெஸ்லி விட்டன் 1956லேயே காட்டியிருந்தார். அவ்வாறு வளர்ந்தவை முழுமையான உயிராகுமா என்பது தெரியாமல் இருந்தது. மெக்லாரனும் பிக்கர்ஸும் அவற்றை வளர்ப்புத் தாய்களின் கருப்பையில் வைத்தார்கள். இயல்பான குட்டிகள் பிறந்தன. பத்திரிகைகள் பரபரத்தன. கருப்பையின் செல்வாக்கை ஆராய்ந்தவருக்கோ, எந்தக் கட்டம்வரை கருவுக்குக் கருப்பையே தேவையில்லை என்பதும் அதே கணக்கின் மறுபக்கம்.

எடின்பரோவில் கழிந்த பதினைந்து ஆண்டுகளும் பாலூட்டிக் கைமேராக்கள் (வெவ்வேறு கருக்களின் செல்கள் கலந்த விலங்குகள்) பற்றிய 1976ஆம் ஆண்டு நூலும் தனியாக எழுத வேண்டியவை. 1974 முதல் 1992 வரை லண்டனில் பாலூட்டி வளர்ச்சி ஆய்வுப் பிரிவின் இயக்குநராக இருந்தபோது அவர் பால் நிர்ணயத்துக்கு வந்தார். எச்-ஒய் என்னும் எதிர்ச்செனிதான் (ஆன்டிஜென்) விந்தகத்தை உருவாக்குகிறது என்பது அப்போது செல்வாக்குள்ள கருத்து. அந்த எதிர்ச்செனி இல்லாமலே விந்தகம் வளர்ந்த சுண்டெலிகளை 1984இல் அவருடைய குழு காட்டியது. விந்தக வளர்ச்சியைத் தூண்டும் எஸ்ஆர்ஒய் மரபணு 1990இல் பிடிபடும் முன்பே பொய்த்தடம் ஒன்று மூடப்பட்டது.

இனச்செல்களில் பழைய கேள்வி முழு வடிவில் திரும்பியது. விந்தாக வேண்டிய எக்ஸ்-ஒய் செல், விந்தகத்தின் சூழலைப் பெறாவிட்டால் சினைமுட்டையாகும் வழியில் இறங்கிவிடுகிறது. 11.5 நாள் வயதுள்ள ஆண் கருவின் இனச்செல்களை நுரையீரல் திசுவோடு சேர்த்து வளர்த்தபோது அவை, கருவில் சினைமுட்டைப் பாதையின் அடையாளமான குன்றல் பகுப்புக்குள் நுழைந்தன. ஒரு நாள் கழித்து எடுத்தவை நுழையவில்லை. டெப்ரா சவுதியுடன் 1997இல் அவர் வெளியிட்ட முடிவு இது. இனச்செல்லின் பாலை அதன் குரோமோசோம் நேரடியாக விதிப்பதில்லை. அக்கம்பக்கச் செல்கள் விதிக்கின்றன, அதுவும் குறிப்பிட்ட கெடுவுக்குள். முள்ளெலும்பில் கருப்பைக்கு இருந்த இடம் இங்கே விந்தகத் திசுவுக்கு.

மனிதக் கரு ஆய்வு பற்றிய பிரிட்டனின் வார்நாக் குழுவில் (1982–84), ஆய்வகத்தில் கருவை வளர்ப்பதற்கு அவர் வாதாடிய பதினான்கு நாள் எல்லையையும் இதே சிந்தனையின் நீட்சியாகவே நான் வாசிக்கிறேன். அதை வெறும் அரசியல் சமரசம் என்பவர்கள் உண்டு. எண்ணாக மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மெக்லாரன் சுட்டியது எண்ணை விட ஒரு நிகழ்வை: ஏறத்தாழ பதினைந்தாம் நாளில் கருவுடலின் முதல் தடமான முதற்கீற்று தோன்றுகிறது, அதற்கு முன் ஒரே கரு இரட்டையாகப் பிரியலாம், உருவாகும் செல்களில் பெரும்பகுதி நஞ்சுக்கொடிக்கும் சவ்வுகளுக்கும் போகலாம். 1990ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டமும் பதினான்கு நாளோடு முதற்கீற்றையும் குறிப்பிடுகிறது.

2021இல் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கான பன்னாட்டுச் சங்கம் அந்த எல்லையைத் தன் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஸ்டெம் செல்களால் கட்டப்படும் கரு மாதிரிகளுக்கோ கருத்தரித்த நாள் என்று ஒன்று கிடையாது. எனவே நாள் எண்ணிக்கை அவற்றைக் கட்டுப்படுத்தாது. எந்தக் கட்டமைப்பு தோன்றியிருக்கிறது, அது எந்தச் சூழலில் எதுவாக முடியும் என்ற மெக்லாரனின் அளவுகோலை அவற்றுக்கும் பொருத்திப் பார்க்கலாம்.