நான்-ரீஃபண்டபிள் டிக்கெட்டும் நம்ம பணமும்

டிக்கெட்டில் 'நான்-ரீஃபண்டபிள்' என்று போட்டிருந்தால் அந்தக் காசு போன காசுதான் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போக மூன்று மாதம் முன்னாடியே மலிவு டிக்கெட் எடுத்து வைக்கும் ஆட்கள் நாம். பயணம் நின்று போனால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து விடுகிறோம். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. பயணத்தை நிறுத்தியது நாமா, விமானக் கம்பெனியா? எல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இதற்கு இந்தியாவில் ஒரு பதில் உருவான கதை கொஞ்சம் நீளம்.

2003 ஆகஸ்டில் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானை ஆரம்பித்தார். (சூரரைப் போற்று பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். படத்தில் மதுரைப் பக்கத்துக்காரர், நிஜத்தில் கர்நாடகத்துக்காரர்.) ஒரு ரூபாய் டிக்கெட் எல்லாம் விற்றார். மற்ற மலிவுக் கம்பெனிகளும் வந்தன. விலை இறங்க இறங்க நிபந்தனைகள் ஏறின. ரத்து செய்தால் பணம் கையில் வராது, எங்கள் கணக்கிலேயே இருக்கட்டும், அடுத்த முறை பறக்கும்போது கழித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இதற்கு 'கிரெடிட் ஷெல்' என்று நாகரிகமாக ஒரு பெயர். மளிகைக்கடையில் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பார்களே, அதேதான்.

புகார்கள் குவிந்த பிறகு, 2008 மே மாதம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) ரீஃபண்டுக்கென்று ஒரு விதி போட்டது. கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் ஏழு நாளில் பணம் திரும்ப வேண்டும். கிரெடிட் ஷெல் என்பது பயணியின் விருப்பம், கம்பெனி தானாகத் திணிக்கக்கூடாது. 2016 ஆகஸ்டில் இன்னும் இறுக்கினார்கள். ரத்துக் கட்டணம், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் சர்சார்ஜும் சேர்ந்த தொகையைத் தாண்டக்கூடாது. வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும், அடிப்படைக் கட்டணம் நான்-ரீஃபண்டபிள் ஆக இருந்தாலும் சலுகை டிக்கெட்டாகவே இருந்தாலும் திரும்பி வரவேண்டும். ரீஃபண்ட் போடுவதற்கென்று தனியாகக் காசு பிடிக்கக்கூடாது. அதாவது நாமே ரத்து செய்தால்கூட மொத்தமும் போகாது. நாலு பேர் குடும்பத்துக்கு விமான நிலையக் கட்டணம் மட்டுமே கணிசமாக வரும். கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம்.

இது நாம் ரத்து செய்தால். கம்பெனி ரத்து செய்தால் என்ன என்பதற்கு 2010 ஆகஸ்டில் தனி விதி வந்தது. மாற்று விமானம், இல்லையென்றால் முழுப் பணம். முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் நஷ்டஈடும் உண்டு. ஆனால் வெள்ளம், புயல் மாதிரி கம்பெனியின் கையில் இல்லாத காரணம் என்றால் நஷ்டஈடு கிடையாது.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். 2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாற்று வெள்ளம் சென்னை விமான நிலையத்துக்குள் புகுந்து ஓடுபாதை மூழ்கியது நினைவிருக்கும். 6ஆம் தேதி வரை பயணிகள் விமானம் இல்லை, அவசரத்துக்கு அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து சில விமானங்கள் விட்டார்கள். அந்த மாதிரி நேரத்தில் "கடவுள் செயலுங்க, நாங்க என்ன பண்றது" என்று கவுண்டரில் சொன்னால் அது நஷ்டஈட்டுக்குத்தான் பொருந்தும். டிக்கெட் பணத்துக்குப் பொருந்தாது.

விதியெல்லாம் இவ்வளவு தெளிவாக இருந்தும், 2020ல் நாடே நின்றபோது கதை வேறாகிவிட்டது. மார்ச் 25 முதல் உள்நாட்டு விமானங்கள் இல்லை. ரத்து செய்தது நாமும் இல்லை, கம்பெனியும் இல்லை, அரசாங்கம். கம்பெனிகள் மறுபடி கிரெடிட் ஷெல்லைத் தூக்கிக்கொண்டு வந்தன. ஏப்ரல் 16 அன்று விமானத்துறை அமைச்சகம் ஒரு குறிப்பு வெளியிட்டது. முதல் ஊரடங்கு நாட்களில் டிக்கெட் எடுத்து, ஊரடங்கு காலத்திலேயே பயணம் செய்ய இருந்தவர்களுக்கு மூன்று வாரத்தில் முழுப் பணம் என்று. நல்ல வேடிக்கை! ஊரடங்கு அறிவித்த பிறகு யார் டிக்கெட் எடுத்தார்கள்? கோடை விடுமுறைக்கு ஜனவரியிலேயே எடுத்து வைத்த குடும்பங்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு. ஊரடங்குக்கு முன் எடுத்த டிக்கெட்டுக்கும் 15 நாளில் பணம் தரவேண்டும். கம்பெனி நிதி நெருக்கடியில் இருந்தால் மட்டும் 2021 மார்ச் 31 வரை கிரெடிட் ஷெல் தரலாம். சும்மா இல்லை, 2020 ஜூன் வரை மாதம் அரை சதவீதம், அதன்பின் முக்கால் சதவீதம் மதிப்பு ஏறவேண்டும். வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். கெடு முடிந்தும் பயன்படுத்தவில்லை என்றால் பணமாகவே தரவேண்டும். நம் காசை வைத்திருந்ததற்கு வட்டி மாதிரி ஒன்று கிடைத்ததே பெரிய விஷயம் என்பது என் கருத்து.

ஆனால் கம்பெனி கொடுத்த பணம் நடுவில் இருக்கும் ஏஜென்டைத் தாண்டி நம்மிடம் வரவேண்டுமே. யாத்ரா தளத்தில் மட்டும் 2021ல் 36,276 முன்பதிவுகளுக்கு ரூ.26 கோடிக்கு மேல் பாக்கி இருந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, 2024 ஜூனில் மிச்சம் இருந்த இரண்டரைக் கோடியையும் கொடுக்கச் சொன்னது. நாலு வருஷம்!

கம்பெனியே படுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அங்கே விதி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஏர் டெக்கானை விழுங்கிய கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசியாகப் பறந்தது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3 முதல் பறக்கவில்லை. திவால் சட்டப்படி நீதிமன்றம் போன பிறகு டிக்கெட் வைத்திருப்பவர் ஒரு கடன்காரர், அவ்வளவுதான். அதுவும் அடமானம் வாங்கிய வங்கிகளும் தொழிலாளர்களும் முன்னால் நிற்க, வரிசையின் கடைசியில். ஜெட்டை விற்றுத் தீர்க்க உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உத்தரவிட்டது, கோ ஃபர்ஸ்டுக்கு 2025 ஜனவரியில் அதே கதி. கார்டில் வாங்கியவர்களுக்கு மட்டும் ஒரு குறுக்குச் சந்து உண்டு. சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்பது. அதற்கும் கெடு உண்டு, கம்பெனி மறுபடி பறக்கும் என்று காத்திருந்தால் கெடு ஓடிவிடும்.

2025 டிசம்பரில் விமானிகளின் ஓய்வு நேர விதி மாறியதைச் சமாளிக்க முடியாமல் இண்டிகோ தடுமாறியது. 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் ரத்து. 7ஆம் தேதி இரவு 8 மணிக்குள் எல்லா ரீஃபண்டும் முடியவேண்டும் என்று அமைச்சகம் கெடு வைத்தது. அதற்குள் ரூ.610 கோடி திரும்பியதாகச் சொன்னார்கள். 5 முதல் 15ஆம் தேதி வரையிலான பயணங்களை நாமே ரத்து செய்தாலும் கட்டணம் இல்லை என்றது இண்டிகோ. எப்போதும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதனால் விமானம் போகாது போலத் தெரிந்தால் அவசரப்பட்டு 'கேன்சல்' பொத்தானை அமுக்காதீர்கள். கம்பெனி ரத்து செய்து, குறுஞ்செய்தி வரட்டும். நீங்கள் அமுக்கினால் அது உங்கள் ரத்து.

அந்த டிசம்பரிலும் ஏஜென்ட் தளங்களில் வாங்கியவர்களுக்குத்தான் தாமதம். அவர்களுடைய முழு விவரம் எங்களிடம் இல்லாமல் இருக்கலாம், எங்களுக்கு எழுதுங்கள் என்றது கம்பெனி. ஊரில் அப்பா அம்மாவுக்கு ஏஜென்ட் மூலம் டிக்கெட் போடும்போது, ஏஜென்டின் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட விடாமல் உங்களுடையதைக் கொடுங்கள்.