பால் வற்றிய மரம்

நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலைப் புனையும் நக்கீரர், கட்டிலின் அழகைச் சொல்லுமுன் யானையின் வரலாற்றைச் சொல்கிறார். நாற்பது ஆண்டு நிரம்பியது. போரில் பொருது மடிந்தது. அதன் கொம்பு தானே வீழ்ந்தது. அதைக் கொண்டே கைவல்ல தச்சன் கூரிய உளியால் 'பாண்டில்' எனப் பெயர் பெற்ற அக்கட்டிலை அமைத்தான். இதனைச் சங்ககாலச் சூழலியல் என்று பெயரிட்டு நாம் பெருமிதம் கொள்வது மிகையாகும். அரண்மனை ஆடம்பரம் ஆடம்பரமே. ஆனால், வீட்டுக்குள் வந்து சேரும் பொருளுக்கு ஒரு முன்வாழ்வு உண்டு என்பதைப் புலவர் மறைக்கவில்லை. அம்முன்வாழ்வின் அகவையையும் சாவையும் கூறிய பின்னரே தச்சனின் திறத்தைக் கூறுகிறார்.

இக்காலத்து அறைகலன்களுள் இத்தகைய முன்வாழ்வு உடையது ரப்பர் மரத்தால் ஆனது. வெளிர்மஞ்சள் நிறத்தில், மென்மையாக இழைக்கப்பெற்று, உலகின் பல நாட்டுக் கடைகளில் உணவு மேசையாகவும் நாற்காலியாகவும் விற்கப்படும் மரம் அது. 'காட்டை அழிக்காத மரம்' என்ற புகழுரையோடு அது விற்பனைக்கு வருகிறது. அப்புகழுரை பெரும்பாலும் உண்மையே. எனினும் அதில் விடுபட்ட பக்கம் ஒன்றுண்டு. அப்பக்கம் தமிழரைச் சார்ந்தது.

1876-இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை சில ஆயிரமே. அவற்றுள் பெரும்பாலானவை இலங்கைக்குச் சென்றன. 1877-இல் சிங்கப்பூர் வந்தவை 22 கன்றுகள். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவி மீண்டும் மீண்டும் பாலெடுக்கும் முறையை வகுத்தார். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் மலாயாவின் காடு மலைமலையாக வீழ்ந்தது. 'காட்டை அழிக்காத மரம்' என்பதன் முதல் அத்தியாயம் காட்டழிப்பே என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

காட்டை வெட்டிச் சாய்த்தவர், கன்று நட்டவர், பால் வெட்டியவர் ஆகியோருள் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து சென்ற கூலிகள். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுற்றது; கங்காணி முறையில் ஆள் அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு தடைசெய்தது. இவ்விரண்டுக்கும் இடையில் சென்றோர் தொகை பெரிது. காய்ச்சலால் மாண்டோர் தொகையும் சிறிதன்று. அவர்கள் அத்தொழிலுக்கென ஒரு சொல்வளத்தையே ஆக்கிக்கொண்டனர். மரம் 'பால்மரம்' ஆயிற்று. பால் சேரும் கிண்ணம் 'மங்கு'. வெட்டுவாயில் உறைந்தது 'ஒட்டுப்பால்'. கிண்ணத்தில் உறைந்தது 'கட்டிப்பால்'. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் இடம் 'பெரட்டுக்களம்'. தமிழ் அகராதிகள் இச்சொற்களுக்கு இன்னும் உரிய இடம் தரவில்லை.

நட்ட ஐந்தாறு ஆண்டுகளில் பால் தரத் தொடங்கும் மரம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பிறகு அதனை வெட்டி மறுநடவு செய்வர். நெடுங்காலம் வரை அவ்வாறு வெட்டிய மரத்துக்கு மதிப்பில்லை. பாலை உறைய வைத்துத் தகடாக்கிப் புகைபோடும் கூடத்துக்கு விறகாயிற்று. எஞ்சியது தோட்டத்திலேயே எரிக்கப்பட்டது. 1960-களின் பிற்பகுதியில் பிறையில் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா உருக்காலை, ரப்பர் மரக் கரியையே தன் ஊதுலைக்கு எரிபொருளாக்கியது. நாற்காலி செய்ய மட்டும் எவரும் முன்வரவில்லை.

அதற்குக் காரணம் மரத்தின் இயல்பே. புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வன்மையுடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் மரபியலில் பிரிக்கிறார். தேக்கும் கருங்காலியும் அகக்காழ் உடையவை, வைரம் பாய்ந்தவை. ரப்பர் மரத்திலோ வைரப்பகுதி தெளிவாகப் பிரிந்து அமைவதில்லை. பாலாகச் சுரக்கும் மரம், மாவுச்சத்தையும் உடலெங்கும் தேக்கி வைத்திருக்கிறது. ஆகவே வெட்டிய ஓரிரு நாளில் பூஞ்சை படர்ந்து நீலக்கறை ஏறும். அதன்பின் மரத்தை மாவாக்கும் துளைவண்டு புகும். இதனைப் புறக்காழ் என்பதா அகக்காழ் என்பதா என்று தொல்காப்பியரே தயங்கியிருப்பார்!

இச்சிக்கலை அவிழ்த்த பெருமையில் கோலாலம்பூரை அடுத்த கெப்போங் காட்டு ஆய்வு நிலையத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஈயம் தோண்டிப் பாழாய்ப் போன நிலத்தில் மரம் நட்டு உருவான நிலையம் அது. அறுத்த பலகைகளை இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றி, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தால் மரத்தின் உள்ளே செலுத்தி, பின்னர்ச் சூளையில் உலர்த்துவதே முறை. எல்லாம் விரைந்து நடைபெற வேண்டும். தோட்டத்தில் வெட்டுவதற்கும் ஆலையில் அறுப்பதற்கும் இடையே நாள் கடத்தலாகாது. 1970-களிலும் 80-களிலும் இம்முறை ஊன்றியபோது, விறகு பலகையாயிற்று. காட்டு மரமான ரமினுக்கு மாற்றுத் தேடிய ஜப்பானியர் இதனை வாங்கினர். அந்த ரமின் மரம் பின்னாளில் அரிதாகிப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஜொகூர் மாநிலத்து மூவார், அறைகலன் ஊராக வளர்ந்தது.

வடிவமைப்பில் மரத்தின் குறையே வழிகாட்டியாயிற்று. ரப்பர் மரம் நெடிதாக, நேராக வளர்வதில்லை. ஆள் உயரத் துண்டங்களே தேறும். அத்துண்டங்களிலும் குறையுள்ள பகுதியை அறுத்து நீக்கி, முனைகளைப் பல்பல்லாகச் செதுக்கி, இரு கைவிரல்களைக் கோப்பதுபோல் கோத்து ஒட்டுகின்றனர். அவ்வாறு நீண்ட சட்டங்களைப் பக்கம்பக்கமாக இணைத்தால் மேசைப்பலகை. குறுந்துண்டுகளைக் கடைந்தால் முதுகுச் சட்டத்தில் மெல்லிய குச்சிகள் வரிசையாக நிற்கும் நாற்காலி. தனித்தனி உறுப்புகளாகப் பெட்டியில் அடைத்து அனுப்பி, வாங்குவோர் வீட்டில் திருகாணியால் பூட்டிக்கொள்ளும் அமைப்பும் இதற்கு இசைந்தது. ஒரே அடிமரத்தில் அகன்ற பலகை எடுக்கும் தேக்குத் தச்சனின் செருக்கு இங்கே செல்லாது. துண்டைக் கோத்து நீளமாக்குவதையும் தொழில்திறன் என்றே நான் கருதுகிறேன். யாப்பறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இப்பசுமைக்கும் கறை உண்டு. நீலக்கறையைத் தடுக்கப் பென்டாகுளோரோபீனால் சார்ந்த நஞ்சுக் கரைசலில் பலகைகளை முக்கியெடுத்த காலம் ஒன்றிருந்தது. அந்நஞ்சு 2015-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. துண்டுகளை ஒட்டும் பசையில் கலந்த ஃபார்மால்டிஹைடு, மூடிய அறையில் மெல்ல ஆவியாகும். அதனைக் குறைப்பது இன்றும் தொடரும் முயற்சி.

இவற்றினும் பெரிய சிக்கல் நிலத்தில் உள்ளது. 1980 அளவில் ஏறத்தாழ 20 இலட்சம் ஹெக்டேராக இருந்த மலேசிய ரப்பர்ப் பரப்பு பாதியளவாகச் சுருங்கிவிட்டது. அவ்விடத்தைப் பெரிதும் பற்றியது செம்பனை. இன்று அதன் பரப்பு 50 இலட்சம் ஹெக்டேருக்கு மேல். தொல்காப்பியர் வகுப்பில் செம்பனை புல்லினம். நாற்காலிக்கு உதவும் திண்மை அதன் தண்டில் இல்லை. ஆகவே, பால் வெட்டுவார் இல்லாவிடின் பலகையும் இல்லை. ரப்பர் மறுநடவு செய்யாமல் ரப்பர் மரச்சாமானை நிலைபேறுடையது என்பது, விளைச்சலைப் போற்றி விதையை மறப்பதாகும்.

தோட்டம் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறியபோது, வேலையோடு பிணைக்கப்பட்ட லய வீடுகளையும் தமிழ்க் குடும்பங்கள் இழந்தன. தோட்டத் துண்டாடலின் கொடுமை கண்டு, தொழிலாளரே மாதத் தவணையில் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைச் சம்பந்தன் தொடங்கியது அவ்விருளில் ஓர் ஒளி. ஆயினும் அகன்றோர் பலர். அவர்கள் நட்ட மரம் ஆலைக்குப் போயிற்று. அவர்கள் நகரின் ஓரத்துக்குப் போயினர்.

மரத்தின் பிறப்பிடத்தை ஆராயும் வழக்கம் இப்போது உலக வணிகத்தில் வலுத்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய விதியின்படி, ரப்பரும் மரமும் எந்த நிலத்துண்டில் விளைந்தவை எனக் காட்ட வேண்டும். 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலமாயின் ஏற்கப்படா. நல்ல விதி. அதன் கணக்கு 2020-இல் தொடங்குகிறது. நம் கணக்கு அதற்கு நூறாண்டு முந்தியது.

அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' முதல் மலேசியத் தமிழ்க் கவிதைகள் வரை, பால்மரம் நம் இலக்கியத்தில் கண்ணீரின் உருவகமாகவே பெரிதும் நிற்கிறது. மரம் வெட்டுண்ட பின்னர் நேர்ந்தவற்றை அவ்வுருவகம் தொடரவில்லை. தொடர்வதற்குச் செய்தி உண்டு. பால் வெட்டும்போது உளி பட்டையைக் கடந்து மரத்தில் பதிந்தால் அது காயம். மேற்பார்வையாளரின் வசவுக்கு உரிய குற்றம். காயம் ஆறினாலும் மரத்துக்குள் முடிச்சாகவும் கருங்கோடாகவும் தங்கிவிடும். அறுவை ஆலையில் அத்தகைய துண்டைத் தனியே நறுக்கி ஒதுக்குகின்றனர். பலகைகளை உலர்த்தும் சூளைக்கு அதுவே விறகு.