மைக் செட்டில் பிடித்த கச்சேரிகள்

மெல்லிசைக் கச்சேரியின் பழைய கேசட் ஒன்றைப் போட்டால் கேட்பவர்கள் முதலில் தேடுவது குரலைத்தான். "அச்சு அசல் எஸ்.பி.பி. மாதிரியே இருக்குல்ல?" என்பார்கள். ஆவடியில் மைக் செட் வைத்துப் பிழைத்தவன் நான். அந்த அளவுகோலை என்னால் ஏற்க முடியாது. குரல் ஒற்றுமை பாடகருக்குப் பிறப்பிலேயே வாய்த்தது. ஒரு குழுவின் உழைப்பு தெரிவது பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில், வாத்தியக்காரர்கள் பி.ஜி.எம். என்று சொல்லும் இடத்தில்.

இந்தப் பக்கம் கச்சேரி இவ்வளவு வேரோடியதற்குத் தொழிற்சாலைகள்தான் காரணம். அம்பத்தூரில் 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ், ஆவடியில் 1961-ல் டாங்கி ஃபேக்டரி, 1964-ல் அம்பத்தூர் எஸ்டேட் என்று ஒவ்வொன்றாக வர, எல்லா மாவட்டத்து ஆட்களும் இங்கே குடியேறினார்கள். ஆயுத பூஜைக்கு லேத் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தால், சாயங்காலம் கம்பெனி வாசலிலேயே மேடை. ஆடியில் திருவேற்காடு கருமாரியம்மனில் தொடங்கி பூந்தமல்லி, திருமுல்லைவாயல் சந்துக்கோயில்கள் வரை கூழ் வார்த்த கையோடு கச்சேரி. பிள்ளையார் பாட்டு முதலில், அடுத்து எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள். அதன்பின் துண்டுச் சீட்டுகள் மேடைக்குப் பறக்கும். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் கேட்பது ஒரு பாட்டு, வெல்டிங் பட்டறைப் பையன்கள் கேட்பது வேறொன்று.

மேடைக் குழு என்றால் மட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்னால் இளையராஜாவும் அவர் சகோதரர்களும் எஸ்.பி.பி.யின் மேடைக் குழுவில் வாசித்தவர்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். ஏ.வி. ரமணனின் மியூசியானோ, லஷ்மன் ஸ்ருதி போன்ற பெரிய குழுக்களை நகரம் முழுக்கத் தெரியும். எங்கள் பக்கம் பெரும்பாலும் வந்தவை அதைவிடச் சின்னவை. பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் டோலக் வாசித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் பிடித்த ஒரு 'ராக்கம்மா கையத் தட்டு' இருக்கிறது. 1991-ல் 'தளபதி'க்காக மும்பையில் பெரிய வயலின் பட்டாளத்தை உட்கார வைத்துப் பதிவான பாட்டு. இங்கே மேடையில் ஒரே ஒரு வயலின், இரண்டு கீபோர்டு. முன்னிசையை எப்படிச் சமாளித்தார்கள் என்று கவனித்துக் கேளுங்கள். முழு ஓட்டத்தையும் கீபோர்டு எடுத்துக்கொள்கிறது. வயலின்காரர் உச்ச ஸ்வரங்களில் மட்டும் வில்லைப் போடுகிறார். அந்த நாலைந்து இழுப்பில் மொத்தமும் நிஜ வயலின் போலக் கேட்கிறது. பாட்டின் நடுவே அப்பர் தேவாரம் வரும்போது விசில் அடங்குகிறது. "சும்மா இருடா" என்று ஒரு அம்மாவின் குரல் டேப்பில் தெளிவாக விழுந்திருக்கிறது. தேவாரம் முடிந்து தாளம் திரும்பும்போது வேகம் கொஞ்சம் குறைந்துவிட, டோலக்காரர் இரண்டே சுற்றில் அதை இழுத்துப் பிடிக்கிறார். என் கணக்கில் அந்தக் கச்சேரியின் நாயகன் அவர்தான்.

பதிவை எடைபோடுகிறவர் அது எங்கிருந்து பிடித்தது என்பதையும் பார்க்க வேண்டும். மிக்ஸரின் லைன் அவுட்டிலிருந்து டெக்குக்கு ஒயர் போட்டால் பாட்டு சுத்தமாக விழும். ஆனால் டிரம்ஸ் திறந்த வெளியில் தானாகவே சத்தமாகக் கேட்கும் என்பதால் மிக்ஸரில் அதைக் குறைத்தே வைப்போம். அதனால் டேப்பில் குரல் தூக்கலாகவும் டிரம்ஸ் மெலிந்தும் இருக்கும். அதைக் கேட்டுவிட்டு டிரம்மரைக் குறை சொல்வது அநியாயம். கூட்டத்துக்குள் மைக் தொங்கவிட்டுப் பிடித்ததில் ஜெனரேட்டர் இரைச்சலும் சேரும், ஆனால் மைதானம் கேட்ட கச்சேரி அதில்தான் இருக்கும்.

அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற குழு, ரசிகர்கள் கச்சேரியைப் பதிவு செய்துகொள்ள 1984-ல் தனி இடமே ஒதுக்கியது. அவர்களும் மேடையில் பிறர் பாட்டுகளை வாசித்தவர்கள்தான். 1977-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர்கள் நடத்திய கச்சேரியின் பதிவை அந்நாட்டு காங்கிரஸ் நூலகம் தேசியப் பதிவேட்டில் சேர்த்துக் காப்பாற்றுகிறது. பிறர் பாட்டைக் கால் மணி நேரத்துக்கு நீட்டி வேறொன்றாக ஆக்குவது அவர்கள் பாணி. எங்கள் கூட்டம் அதற்கு இடம் தராது, ஒரு பிட்டு விட்டுப்போனாலும் கத்தும். ஆனால் பாட்டு முடிந்தபின் தபேலாவும் டிரம்ஸும் மாறி மாறி அடிக்க, முன்வரிசை ஆடத் தொடங்கும் அந்த ஐந்து நிமிடம் யாரும் எழுதிக் கொடுக்காதது. கேசட்டில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஆக்டோபேட் வந்தது. தும்பா, காங்கோ எல்லாம் ஒவ்வொன்றாக மேடையைவிட்டு இறங்கின. 2000-ல் ஒலி மாசு விதிகள் வந்து இரவு பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னதும் விடிய விடியக் கச்சேரி போயிற்று. தூங்குகிறவர்களுக்கு அது நியாயம்தான். பிறகு ட்ராக் போட்டுப் பாடும் வழக்கம் வந்து, வாத்தியக்காரர்களின் நாற்காலிகளே குறைந்துவிட்டன.

அந்த நாட்களின் ஒரே சாட்சி உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் கேசட்டுகள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடாமல், தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். நன்றாக இருந்தால் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். எந்தக் கோயில், எந்த வருடம் என்பதோடு, டோலக் வாசித்தது யார் என்பதையும் மறக்காமல் எழுதி வையுங்கள்.